ஆடிட்டர் இல்லாத சூரியன்

போன மாதம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு செமினார். தலைப்பு, "எதிர்கால எரிசக்தியில் முதலீட்டு வாய்ப்புகள்". நம்ம செட்டில் ஒருத்தன்தான் பேசினான் (பேர் சொன்னால் கேன்டீன் பக்கம் போக முடியாது). திரையில் ரோஸ் நிறத்தில் ஜொலிக்கும் ஒரு வளையம். கீழே கொட்டை எழுத்தில் "செயற்கைச் சூரியன் - 10 கோடி டிகிரி". அடுத்த ஸ்லைடில் "போட்டது 2.05, எடுத்தது 3.15, லாபம் 50 சதவீதத்துக்கு மேல்!" பலத்த கைதட்டல்.

கேள்வி நேரத்தில் எழுந்து, "10 கோடி டிகிரின்னு எப்படிடா தெரியும்? எந்தத் தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தாங்க?" என்று கேட்டேன். ஹாலே சிரித்தது. முன்வரிசையில் இருந்த மேடம் திரும்பி, "அதெல்லாம் பிசிக்ஸ் பசங்க பார்த்துக்குவாங்கப்பா. காமர்ஸ் கேள்வி ஏதாவது இருந்தா கேளு" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

மேடம், நான் கேட்டதுதான் காமர்ஸ் கேள்வி. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

மூன்று வருடமாக ஆடிட்டிங் பேப்பரில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பதாலேயே ஒரு எண் உண்மை ஆகிவிடாது. "கையிருப்பு இவ்வளவு" என்றால், போய் எண்ணிப் பார்த்தது யார்? 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இருப்பதாகப் புத்தகம் சொன்னது, பணம் கிடையாது. அந்த அளவுக்குப் போவானேன், எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டார். வழவழா தாளில் அச்சடித்த அறிக்கை, கலர் படம், பெரிய பெரிய எண்கள். ஒரு நாள் ஷட்டர் இறங்கியது, அக்கா கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதிலிருந்து பெரிய எண்ணைப் பார்த்தால் என் வாயில் முதலில் வருவது "எண்ணிப் பார்த்தது யார்?" என்பதுதான்.

அணுக்கரு இணைவு உலைகளில் அப்படி எண்ணிப் பார்க்கிற முக்கியமான ஆடிட்டர்களில் ஒருவர் எக்ஸ்ரே. நம் ஊர் செய்திகளிலும் ஸ்லைடுகளிலும் அவருக்கு இடமே கிடையாது. இது ஏதோ தொழில்நுட்ப விவரம் விடுபட்டுப்போன சமாச்சாரம் இல்லை. அதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னால், தணிக்கை அறிக்கையைக் கிழித்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டை மட்டும் காட்டுவது மாதிரி. இதுதான் என் குற்றச்சாட்டு. இனி ஒவ்வொன்றாக.

முதலில் அந்தப் படம். ரோஸ் நிறத்தில் ஜொலிக்கிறதே, அது 10 கோடி டிகிரி கிடையாது. டோகாமாக் என்பது காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை வளையமாகப் பிடித்து வைக்கிற கருவி. பிளாஸ்மா என்றால் எலெக்ட்ரான்கள் உரிந்துபோன வாயு. வளையத்தின் ஓரம் கொஞ்சம் ஆறிக் கிடக்கும். அங்கேதான் ஹைட்ரஜன் அணுவோடு எலெக்ட்ரான் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வரும். நடுவில், உண்மையிலேயே கோடிக்கணக்கான டிகிரி இருக்கும் இடத்தில், ஹைட்ரஜனிடம் உரிக்க எலெக்ட்ரானே மிச்சம் இல்லை. நம் கண்ணுக்கு அந்த இடம் கிட்டத்தட்டக் காலி. அதாவது உலகம் முழுக்க "சூரியன்" என்று போடுகிற படத்தில் தெரிவது அந்தப் பிளாஸ்மாவின் ஆறிப்போன தோல். தோசைக்கல்லின் கைப்பிடியைப் படம் பிடித்துவிட்டு "எவ்வளவு சூடு பாருங்கள்" என்கிற கதை.

நடுப்பகுதி ஒளிர்வது எக்ஸ்ரேயில். வேகமாக ஓடும் எலெக்ட்ரான் ஒரு அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது வளைந்து வேகம் குறைகிறது, இழந்த ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளியே வருகிறது. வெளியிலிருந்து நாம் எக்ஸ்ரே அடிக்கத் தேவையில்லை, பிளாஸ்மா தானே அடிக்கிறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் இதுதான். இங்கே நோயாளியே விளக்கு.

தெர்மாமீட்டர் வைத்தால் வைத்த நொடியில் அது ஆவி. எனவே வெளியே நின்று இந்த எக்ஸ்ரேயைத்தான் படிக்க வேண்டும். வெவ்வேறு தடிமனில் மெல்லிய பெரிலியம் தகடுகளை டிடெக்டருக்கு முன்னால் வைக்கிறார்கள். தகடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு எக்ஸ்ரேயை மட்டும் விடும். மெல்லிய தகட்டைத் தாண்டியது எவ்வளவு, தடித்ததைத் தாண்டியது எவ்வளவு என்று பார்த்தால், அந்த விகிதத்திலிருந்து எலெக்ட்ரான்களின் வெப்பநிலை கிடைக்கும். சூடு அதிகமானால் வலுவான எக்ஸ்ரேயின் பங்கு கூடும். ரேஷியோ அனாலிசிஸ்தான் மக்களே, நாம் செமஸ்டர் செமஸ்டராகப் போடுகிற அதே கணக்கு :-)

ஒரே ஒரு டிடெக்டர் போதாது. அது பார்ப்பது ஒரு நேர்கோட்டில் வரும் மொத்தம்தான். மொத்த விற்பனை மட்டும் தெரிந்தால் எந்தக் கிளையில் நஷ்டம் என்று தெரியாதே, அதுபோல. அதனால் பல கோணங்களில் வரிசையாக டிடெக்டர்களை வைத்து, சி.டி. ஸ்கேன் போல உள்படத்தைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். "போல" என்று சும்மா சொல்லவில்லை. சி.டி. ஸ்கேனுக்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்த கார்மாக்கின் கணித முறை பிளாஸ்மா ஆராய்ச்சியிலும் புழங்குகிறது.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பழைய கதைகள்.

1958 ஜனவரி. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஜீட்டா என்ற கருவி. 50 லட்சம் டிகிரி தொட்டுவிட்டோம், இணைவு நடந்து நியூட்ரான்கள் வருகின்றன என்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். தலைமை தாங்கியவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு வாங்கிய ஜான் காக்ராஃப்ட். அந்த நியூட்ரான்கள் இணைவிலிருந்து வந்தவைதான் என்று 90 சதவீதம் நம்புவதாக அவரே சொன்னார். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. மே மாதமே வாபஸ். பிளாஸ்மாவின் தள்ளாட்டத்தில் சில துகள்கள் மட்டும் முடுக்கப்பட்டு நியூட்ரான் வந்திருக்கிறது, மொத்தப் பிளாஸ்மாவும் அந்தச் சூட்டுக்குப் போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அளந்தது போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாட்டுக்கே தலைகுனிவு.

அடுத்தது 1968. நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி ஆர்ட்சிமோவிச், தங்கள் டி-3 டோகாமாக்கில் ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போய்விட்டோம் என்றார். மேற்கத்தியர்கள் நம்பவில்லை. அதற்கு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. "நீங்களே வந்து அளந்து பாருங்கள்" என்று இங்கிலாந்துக்காரர்களை மாஸ்கோவுக்கு அழைத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். கல்ஹாமிலிருந்து ஒரு குழு தங்கள் லேசர் கருவியைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு குர்ச்சதோவ் நிறுவனத்துக்குப் போய் 1969-இல் அளந்தது. சோவியத் சொன்னது சரி. அந்த ஒரு தணிக்கைக்குப் பிறகு உலகமே டோகாமாக் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த வேறு மாதிரிக் கருவியையே 1970-இல் டோகாமாக்காக மாற்றிவிட்டார்கள்.

அது எக்ஸ்ரே இல்லை, லேசர் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாற்றிக் கட்டிய அதே பிரின்ஸ்டன் கருவியில் 1974-இல் ஃபான் கேலர், ஸ்டோடியக், சாட்ஹாஃப் மூவரும் எக்ஸ்ரே டிடெக்டரை வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்மாவின் நடுப்பகுதி மெதுவாகச் சூடேறுகிறது, திடீரென்று சரிகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி சரிகிறது. வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். வருடக் கடைசிக் கணக்கு மட்டும் பார்ப்பவனுக்கு நடுவில் கடை எத்தனை முறை திவாலின் விளிம்புக்குப் போனது என்று தெரியுமா? கல்லாவைத் தினமும் பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

இப்போது நண்பனின் இரண்டாவது ஸ்லைடு. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம். முதல் ஸ்லைடின் படம் டோகாமாக். 2.05, 3.15 என்ற எண்கள் 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் லேசரால் நடந்த சோதனை. அங்கே வளையமும் இல்லை, காந்தக் கூண்டும் இல்லை. ஒரு கம்பெனியின் கட்டடத்தைக் காட்டி இன்னொரு கம்பெனியின் லாபத்தைப் படிப்பது போல. சரி, லாபமாவது லாபமா? 2.05 மெகாஜூல் என்பது இலக்கில் போய்ச் சேர்ந்த லேசர் ஆற்றல். அந்த லேசரை இயக்கச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். கச்சாப் பொருள் செலவை மட்டும் கழித்துவிட்டு "நிகர லாபம்" என்று எழுதினால் நமக்கு எத்தனை மார்க் போடுவார்கள்?

விஞ்ஞான ரீதியில் அது மாபெரும் சாதனை, சந்தேகமே இல்லை. அந்தச் சாதனைக்குப் பின்னால் இருப்பதும் எக்ஸ்ரேதான். 192 லேசர் கற்றைகள் ஒரு சின்ன உலோகக் குப்பியின் உட்சுவரில் பட்டு எக்ஸ்ரேயாக மாறுகின்றன. அந்த எக்ஸ்ரே, சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள எரிபொருள் உருண்டையை நசுக்குகிறது. 2012-க்குள் பற்றவைத்துவிடுவோம் என்றார்கள், முடியவில்லை. பணம் போட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். ஏன் பற்றவில்லை என்பதற்குப் பதிலை எக்ஸ்ரே படங்களில் தேடினார்கள். ஒரு நொடியை ஆயிரம் கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கிற படங்கள். உருண்டை உருண்டையாகவே நசுங்கவில்லை, கோணலாக நசுங்கியது. உருண்டையைப் பிடித்துவைத்த, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு தழும்பு போட்டிருந்தது. எரிபொருள் நிரப்பும் குழாய், நம் தலைமுடியைவிட மெல்லியது, அது வழியாக ஓட்டின் பொருள் பீய்ச்சியடித்து நடுவில் கலந்தது. கலந்த கசடு எக்ஸ்ரேயில் பளிச்சென்று மின்னும். மின்னுகிறது என்றாலே அந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது என்று அர்த்தம். திருடன் டார்ச் அடித்துக்கொண்டே திருடுவது மாதிரி. இதைப் பார்த்துத்தான் உருண்டை மாறியது, குழாய் 10 மைக்ரானிலிருந்து படிப்படியாக 2 மைக்ரானுக்கு வந்தது. 2022-இன் வெற்றி பத்து வருடத் தோல்விப் படங்களின் மேல் நிற்கிறது. ஸ்லைடில் அந்தப் படங்களில் ஒன்றாவது இருந்ததா?

டோகாமாக்குக்கே திரும்புவோம். அங்கே இப்போது பெரிய தலைவலி டங்ஸ்டன். சுவருக்கு அதைவிட நல்ல உலோகம் கிடைப்பது கஷ்டம், உருகவே 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அதில் துளி பெயர்ந்து பிளாஸ்மாவின் நடுவில் போனால், பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே ஆபத்து. 74 எலெக்ட்ரான் உள்ள அணு, அத்தனை சூட்டிலும் எல்லாம் உரியாது. மிச்சமிருப்பவை எக்ஸ்ரேயாக ஆற்றலை வாரி இறைக்கும். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையின் உட்சுவரை பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்ற முடிவாகி, 2024-இல் வந்த புதிய திட்டத்தில் அது சேர்ந்தது. அதே திட்டப்படி ஆராய்ச்சி இயக்கம் 2034-இல், டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிப்பது 2039-இல். அத்தனை வருடம், அத்தனை நாடுகளின் பணம், நம் இந்தியாவின் பணமும் சேர்த்து, அந்தத் துளி டங்ஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிவதைப் பொறுத்திருக்கிறது.

பார்க்கத் தெரிகிறது என்பதுதான் நல்ல செய்தி. பிரான்சின் வெஸ்ட் டோகாமாக் முழுக்க டங்ஸ்டன் சூழலில் 5 கோடி டிகிரி பிளாஸ்மாவை 6 நிமிடம் பிடித்து வைத்ததாக 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. அந்த 5 கோடியை அளந்ததில் பிரின்ஸ்டன்காரர்கள் பொருத்திய எக்ஸ்ரே கேமரா உண்டு. அதில் ஒவ்வொரு புள்ளியும் எந்த ஆற்றலுக்கு மேலான எக்ஸ்ரேயை எண்ண வேண்டும் என்று தனித்தனியாக அமைக்கலாம். செய்திகளில் "6 நிமிடம்" வந்தது, "5 கோடி" வந்தது. கேமராவைத் தேட வேண்டியிருந்தது.

அயனிகளின் வெப்பநிலைக்கு இன்னொரு அழகான வழி. பிளாஸ்மாவில் கொஞ்சூண்டு ஆர்கானை விடுகிறார்கள். 18 எலெக்ட்ரானில் 16 போய் 2 மட்டும் மிஞ்சிய ஆர்கான், குறிப்பிட்ட அலைநீளத்தில் எக்ஸ்ரே விடும். வளைத்த படிகம் ஒன்று அதைப் பிரித்துக் காட்டும். அந்தக் கோடு அகலமானால் அயனிகள் சூடு, இடம் நகர்ந்தால் பிளாஸ்மா ஓடுகிறது. கணக்கில் அடையாளம் போட்ட நோட்டை விட்டுப் பிடிப்பது போல. ஐட்டருக்கு இந்தப் படிக எக்ஸ்ரே கருவிகளில் ஒரு பகுதியைச் செய்துகொடுக்கும் பொறுப்பு யாருடையது தெரியுமா? இந்தியாவுடையது. நம் பங்கு என்றால் எல்லோரும் ஹசீராவில் செய்த அந்த ராட்சதக் குளிர்க்கலனைத்தான் சொல்கிறார்கள். பெரிசாக இருப்பதைத்தான் படம் எடுப்போம் போல.

இனி எதிர்த்தரப்பு. கேன்டீனில் பிசிக்ஸ் நண்பன் ஒருவன் வைத்த வாதம்தான் எனக்குத் தெரிந்ததில் வலுவானது. "மச்சி, நாளைக்கு நிஜமான மின் நிலையம் வந்தா இத்தனை கண்ணு வைக்க முடியாது. நியூட்ரான் அடிச்சு டிடெக்டர் எல்லாம் செத்துரும். சுவர்ல போடுற ஒவ்வொரு ஓட்டையும் டிரிட்டியம் விளைவிக்க வேண்டிய இடம். கடைசில குறைஞ்ச கருவியோடதான் ஓட்டியாகணும்." உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த கருவியோடு நாளைக்கு ஓட்ட வேண்டும் என்றால், இன்றைக்கு நிறையக் கருவியோடு புரிந்துகொண்டிருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தே காய்ச்சல் சொல்கிற டாக்டர், அதற்கு முன் ஆயிரம் பேருக்குத் தெர்மாமீட்டர் வைத்தவர்.

இன்னொரு வாதம்: "அளக்கிறதும் அவங்க, கருவி செய்யறதும் அவங்க, இது எப்படி ஆடிட்?" நல்ல கேள்வி. ஒரே ஆடிட்டரை நான் நம்பச் சொல்லவில்லை. எக்ஸ்ரே, லேசர், மைக்ரோவேவ் மூன்றும் வெவ்வேறு இயற்பியல், மூன்றும் ஒரே பதிலைத் தர வேண்டும். தராத இடமும் உண்டு. அமெரிக்காவின் டி.எஃப்.டி.ஆர்., இங்கிலாந்தின் ஜெட் இரண்டிலும் சூடு மிக அதிகமானபோது லேசர் அளவும் மைக்ரோவேவ் அளவும் 20 சதவீதம் வரை விலகின. அதை அவர்களே கட்டுரையாக வெளியிட்டார்கள். எனக்கு அந்தத் துறையின் மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான். வித்தியாசத்தை வெளியே சொல்பவனிடம்தான் கணக்கு இருக்கிறது.

இது ஏன் இப்போது அவசரம்? இதுவரை இது அரசாங்கங்களின் விளையாட்டாக இருந்தது. இப்போது தனியார் பணம் புகுந்துவிட்டது. துறையின் சங்கம் 2024-இல் சொன்ன கணக்குப்படி 700 கோடி டாலருக்கு மேல் முதலீடு. 2023-லேயே மைக்ரோசாஃப்ட், ஹீலியான் என்ற நிறுவனத்திடம் 2028-க்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆர்ட்சிமோவிச் எதிரியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். இனி "இது வணிக ரகசியம்" என்ற வார்த்தை அடிக்கடி வரும். அப்போது கேள்வி கேட்க வேண்டியவர்கள் பிசிக்ஸ் மாணவர்கள் மட்டும் இல்லை. நாளைக்கு ஏதோ ஒரு பண்டில் உங்கள் சம்பளமும் என் சம்பளமும் இந்தப் பக்கம் போகும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவது நம் கிளாஸில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர்.

அதனால் யாராவது "இத்தனை கோடி டிகிரி" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எலெக்ட்ரானின் வெப்பநிலையா, அயனியினுடையதா? எந்தக் கருவி அளந்தது? வேறு முறையில் அளந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? பதில் வந்தால் கைதட்டுங்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன். பதிலுக்குப் பதில் ரோஸ் நிறப் படம் வந்தால், அப்பாவிடம் வந்த அந்த வழவழா தாளை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடம், அடுத்த செமினாரில் எனக்கு ஒரு பத்து நிமிடம் தருவீர்களா?

டிஸ்கி: செமினார் நண்பன் இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேச மாட்டான். டீக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும் என்று அதற்குள் தூது வந்துவிட்டது. தப்பு இருந்தால் பிசிக்ஸ் மக்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்மலாம். தணிக்கைக்கு நானும் உட்பட்டவன்தானே :-)